பங்குனிக்குள் கணினியை மாற்றுவதா, பொறுப்பதா?

கொக்குவிலான்

வீட்டுக் கணினி இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5. நினைவகம் 4 ஜிபி, டிடிஆர்3 வகை. சுழலும் வன்தட்டு. ஆளியைப் போட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த இயந்திரத்தை ஏறெடுத்தும் பார்க்காது. எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம்.

மனைவி ஆசிரியை. வினாத்தாள், பாடக்குறிப்பு எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்து இதற்குள்தான் கிடக்கின்றன. அவருக்கு இப்போது ஏழாம் மாதம். பங்குனிக் கடைசி என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். பிள்ளை வந்த பிறகு எனக்கு எதற்கும் கை ஒழியாது என்று எல்லோரும் பயமுறுத்துவதால், அதற்குள் புதிதாக ஒன்றைப் பொருத்திவிட நினைத்து யாழ்ப்பாண நகரத்தில் விலை கேட்டேன். 16 ஜிபி டிடிஆர்5 நினைவகத்துக்குச் சொன்ன விலையைக் கேட்டு, இது முழுக் கணினிக்கா என்றேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் இதையே கேட்கிறார்கள் போலும்.

அடுத்தது மாமியாரின் சட்டம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரைத் துளைக்கக் கூடாது, பழையதைப் பிரிக்கக் கூடாது. கணினிப் பெட்டியைத் திறப்பது இதற்குள் அடங்குமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது, என் இரவுகள். பத்தரைக்கு உலகச் செய்தி பார்க்கத் தொடங்கினால் எழும்ப முடிவதில்லை. உக்ரெயின், காசா, செங்கடல், அமெரிக்கத் தீர்வை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கிறேன். மனைவி பக்கத்தில் உறங்குகிறார். இப்படியான உலகத்துக்கா ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிறோம் என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதை வீட்டில் சொல்ல முடியாது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

பனங்காய்ப் பணியாரம்

மாமியாரின் தீர்ப்பு வரும்வரை நாங்கள் எதுவும் சொல்வது முறையல்ல. நீதிமன்ற அவமதிப்பாகிவிடும்.

திருகாணி

கடைக்காரரைக் கோபிக்க வேண்டாம். நினைவகச் சில்லுகளை உலகத்துக்குச் செய்து கொடுப்பவை பெரும்பாலும் மூன்றே நிறுவனங்கள்: கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு மையங்கள் எச்பிஎம் என்ற அடுக்கு நினைவகத்தைக் கேட்கின்றன. அதில் இலாபம் கொழுத்தது. எனவே தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. வீட்டுக் கணினிக்குரிய சில்லு குறைந்துபோனது. மைக்ரோன் 2025 டிசெம்பரில், ‘குரூசியல்’ என்ற பெயரில் வீட்டுப் பாவனையாளருக்கு விற்றுவந்த வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. அதற்கு மேல் எங்கள் 18 வீதப் பெறுமதிசேர் வரி. நீர் இரவில் படிக்கும் உலகச் செய்திதான் பகலில் அந்தக் கடையின் விலைச்சீட்டாக உமக்கு முன்னால் வந்து நின்றது.

ஆனால் செங்கடலை இதற்குள் இழுக்காதேயும். 2023 நவம்பரில் யேமனின் ஹூதிகள் அங்கே கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனவை ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே ஓடும் கப்பல்கள். நினைவகச் சில்லு கிழக்காசியாவிலிருந்து வருவது. அதற்கு அந்த வழியே தேவையில்லை.

என் முடிவு இதுதான்: புதிதாக ஒன்றும் வாங்காதேயும். உமது இயந்திரத்தின் மூளையில் பழுதில்லை. கால்தான் நொண்டி. சுழலும் வன்தட்டு வினாடிக்கு 100, 150 மெகாபைட் கொடுத்தாலே பெரிய காரியம். சிறுசிறு கோப்புகளைத் தேடி எடுக்கும்போது அதிலும் மிகக் கீழே விழுந்துவிடும். சாட்டா இணைப்பில் பூட்டும் எஸ்எஸ்டி, அதாவது சுழலாத சில்லுச் சேமிப்பகம், 500க்கு மேல் கொடுக்கும். 240 ஜிபி போதும். என்விஎம்இ என்ற இன்னும் வேகமான வகையை யாராவது கையில் திணித்தால் வேண்டாம் என்று சொல்லும்; நான்காம் தலைமுறைத் தாய்ப்பலகைகள் பல அதிலிருந்து தொடங்க மாட்டா. இரண்டரை அங்குலச் சாட்டா வகை என்று கேட்டு வாங்கும். டிடிஆர்3 நினைவகத்தைத் தரவு மையக்காரர் எவரும் தேடுவதில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளிலிருந்து கழற்றியது கிடைக்கும். இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்கும்.

நித்திரையில்லாதவள்

நெல்லியடியிலிருந்து, நான்கு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் எழுதுகிறேன்.

தம்பி, 8 ஜிபியோ 80 ஜிபியோ, அந்தக் கணினிக்கு முன்னால் யார் உட்காரப் போகிறார்கள்? முதலில் நல்ல நுளம்பு வலை வாங்குங்கள். மாரி மழை விட்டதும் யாழ்ப்பாணத்தில் டெங்கு தலையெடுக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கர்ப்பிணிக்கு அது வந்தால் சும்மா காய்ச்சல் அல்ல. பூச்சாடித் தட்டு, கிணற்றடி வாளி, கழித்துப் போட்ட ரயர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு அதற்குப் பிறகு எஸ்எஸ்டி பற்றிப் பேசுங்கள்.

ஏணைக்குக் கொழுவி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிள்ளை பிறந்த பிறகுதான் துளைக்க முடியும். அப்போது துளைக்கும் சத்தத்துக்குப் பிள்ளை எழும்பும். நாங்கள் அந்த வட்டத்துக்குள் கிடந்து சுழன்றோம். கடைசியில் என் அப்பா இரும்பு ஏணைத் தாங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தார்.

செய்தி விடயம்: எங்கள் வீட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தார். இப்போது பார்ப்பதில்லை. மனம் திருந்தியல்ல, இரவு இரண்டரைக்கு அவருடைய இரண்டு கையும் தேவைப்படுகின்றன.

வேப்பமரத்தடி

நான் ஓய்வூதியக்காரன். எங்கள் காலத்தில் என்று தொடங்கினால் இளையவர்கள் ஓடுவீர்கள், தெரியும். கொஞ்சம் நில்லுங்கள்.

1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள். வானொலி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் எடுத்து வானொலிக்குக் கொடுப்போம். பிபிசி தமிழோசை அரை மணித்தியாலம். அதற்குள் உலகமும் வந்துவிடும், கொழும்பும் வந்துவிடும், எங்கள் பக்கத்துக் கிராமத்தில் என்ன நடந்தது என்பதும் இலண்டன் சுற்றி வந்துவிடும். முடிந்ததும் கை நோகும். நிறுத்திவிடுவோம். உமது தொலைபேசியைச் சுற்றத் தேவையில்லை. அதுதான் உமது கரைச்சல்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது என் மனைவிக்கு எட்டாம் மாதம். மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எடுத்த நேரத்தை இப்போது சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. மூத்தவள் அந்த மார்கழியில் சாவகச்சேரிப் பக்கம் பிறந்தாள். இப்படியான உலகத்துக்கா பிள்ளை என்று நீர் கேட்டீர். அந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்கு அப்போது நேரம் கிடைக்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். உம்மை விட அதிகம் செய்தி பார்க்கிறாள்.

கட்டற்றவன்

எல்லோரும் வன்பொருளையே பேசுகிறீர்கள். ஆதரவில்லாத விண்டோஸ் 10ஐ எஸ்எஸ்டியில் ஏற்றி என்ன பயன்? லினக்ஸ் மின்ற் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். காசு வேண்டாம், டிபிஎம் வேண்டாம். நான்காம் தலைமுறையில் பறக்கும்.

திருகாணி

பறக்கும், சரி. ஆசிரியை பறப்பாரா? வினாத்தாளை மாகாணம் முழுவதும் வேர்ட் கோப்பாகத்தான் அனுப்புகிறார்கள். ஏழாம் மாதத்தில் ஒருவரைப் புது இயங்குதளம் படிக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விண்டோஸ் 10க்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு இருக்கிறது. 30 டொலர் கட்டலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்பெடுக்கச் சம்மதித்தால் காசில்லாமலே கிடைக்கும். அமைப்புகளுக்குள் ‘புதுப்பிப்பு’ப் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு தெரியும்.

கட்டற்றவன்

ஒரு வருடத்தைத் தள்ளிப்போடுவதற்குப் பெயர் தீர்வா? ஒக்டோபரில் பிள்ளைக்கு ஆறு, ஏழு மாதம். அப்போது தவழும் பிள்ளையைப் பிடிப்பாரா, இயங்குதளம் மாற்றுவாரா? இப்போதே செய்யுங்கள் என்பதுதான் என் வாதம்.

பாமினி பற்றியும் பயப்பட வேண்டாம். பாமினி ஒருங்குறி (யூனிகோட்) அல்ல. விசைப்பலகையில் அடிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவமாகக் காட்டுகிறது. ஆகவே எழுத்துருக் கோப்பைப் பிரதி பண்ணி நிறுவினால் எந்த இயங்குதளத்திலும் பழைய வினாத்தாள் அப்படியே திறக்கும், அதே விரலால் அப்படியே அடிக்கலாம். தொல்லை வேறிடத்தில்: தேடுபொறிக்கு அது தமிழ் என்று தெரியாது, தொலைபேசியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, அடைப்புக்குறி, எண்கள் ஆகியவற்றை மட்டும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மருத்துவமாது

கணினி எனக்குத் தெரியாது. மகள்தான் இதைத் திறந்து தந்தாள். ஆனால் இத்தனை பேர் பேசியும் ஒருவரும் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கொக்குவில், கோண்டாவில், இணுவில் எல்லாம் சுண்ணக்கல் நிலம். தோட்டத்துக்குப் போட்ட உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் கல்லிடுக்கால் இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தி குறையும், குழந்தை நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். பலரும் கொதித்தாறிய நீர் என்றால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம். எங்கள் ஆட்கள் பால்சுறா வறையும் உள்ளியும் முருங்கையிலையும் கொடுத்து ஊட்டுவது அதற்காகத்தான். அதன் பிறகுக்கு இப்போதே கிணற்றை ஒருமுறை பரிசோதித்து வையுங்கள். 2024இல் திறந்த தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய்நீர் உங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டதா என்றும் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்கக் கூடாது. இரும்பு உடம்பில் சேராது. கல்சியக் குளிசையும் அதே நேரம் வேண்டாம். பிள்ளையின் அசைவைக் காலையிலிருந்து பத்து அசைவு ஆகும்வரை எண்ணச் சொல்லியிருப்பார்கள். குறைவாகத் தோன்றினால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது, அந்த நேரமே வைத்தியசாலை.

கொக்குவிலான்

அம்மா, மிக்க நன்றி. எங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வந்துவிட்டது, இணைப்புக்கு விண்ணப்பிக்காமல் இருக்கிறோம். மாமனார் கிணற்றுத் தண்ணீரின் ருசியை விட்டுக்கொடுக்க மாட்டார். இனி இந்தப் பதிவைக் காட்டுவேன்.

அசைவை எண்ண நான் கணினியில் அழகான அட்டவணை ஒன்று செய்தேன், தானாகவே வரைபடம் வரும்படி. மனைவி பார்த்தார். கிளினிக்கில் கொடுத்த அட்டையில் பேனையால் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

சோளகம்

வேப்பமரத்தடி ஐயா சொன்னதை முழுவதும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. செய்தியை அணைத்துவிடு என்று சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. என் தங்கை கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். 2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்கா எங்கள் நாட்டுப் பொருளுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்த அன்று வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. பிறகு 30 என்றார்கள், ஓகஸ்டில் 20 ஆயிற்று. ஒவ்வொரு எண்ணும் அவளுடைய மேலதிக நேரக் கொடுப்பனவு. அந்தச் செய்தியைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

கொக்குவிலான் செய்ய வேண்டியது எதைப் பார்ப்பது என்று தெரிவு செய்வது. உக்ரெயினில் எந்த ஊர் எந்தப் பக்கம் விழுந்தது என்று நள்ளிரவில் வரைபடம் பார்ப்பதால் உமக்கும் பயனில்லை, அந்த ஊருக்கும் பயனில்லை. அதை நாளைக் காலை உதயன் பத்திரிகையிலும் வாசிக்கலாம்.

வேப்பமரத்தடி

ஏற்றுக்கொள்கிறேன். நாங்களும் டைனமோவைச் சுற்றியது காரணம் இருந்ததால்தான். அடுத்த நாள் எந்தப் பாதை திறக்கும் என்று தெரிய வேண்டியிருந்தது.

ரொறன்ரோ குளிர்

வெளியே பனி கொட்டுகிறது. நான் யாழ்ப்பாணச் செய்தி பார்க்கிறேன், நீர் உலகச் செய்தி பார்க்கிறீர். யாரும் தன் வீட்டுச் செய்தியைப் பார்ப்பதாக இல்லை.

நினைவகம் இங்கேயும் மலிவில்லை. ஆட்களிடம் கொடுத்துவிடச் சொல்லிக் கேட்காதேயும், அதற்கு முன் சொல்லிவிட்டேன். பிள்ளை பிறந்ததும் விடுமுறைக்கு என்ன செய்கிறீர்? இங்கே பெற்றோர் விடுப்பு இருவருக்குமாக 40 வாரம். ஒருவரே 35க்கு மேல் எடுக்க முடியாது. என் மகளுக்கு நான் அப்படி வீட்டில் நின்றுதான் பால் கொடுக்கப் பழகினேன்.

கொக்குவிலான்

அரசாங்க ஊழியரான தகப்பனுக்கு இங்கே 3 நாள். நான் தனியார் துறை. சட்டப்படி அதுவும் இல்லை. மனைவிக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள். என் வருடாந்த விடுமுறையை ஒரு நாளும் தொடாமல் சேர்த்து வைத்திருக்கிறேன். முதலாளி நல்லவர், ஆனால் பங்குனி எங்களுக்குக் கணக்கு முடிக்கும் மாதம்.

ரொறன்ரோ குளிர்

மூன்று நாளா? துடக்குக் கழிக்க முப்பத்தொரு நாள் வைத்த எங்கள் பாட்டன்மார் பரவாயில்லை.

நித்திரையில்லாதவள்

பாட்டன்மார் அந்த முப்பத்தொரு நாளும் திண்ணையில் இருந்தார்கள் அண்ணா. வேது வைத்தது, சரக்கு அரைத்தது, துணி தோய்த்தது எல்லாம் பாட்டிமார்.

பனங்காய்ப் பணியாரம்

மின்வெட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் புகுந்து நாடு முழுவதையும் அணைத்ததை மறந்துவிட்டீர்களா? எஸ்எஸ்டி, லினக்ஸ் எல்லாம் அந்தக் குரங்கின் தயவில்தான்.

திருகாணி

நியாயமான கேள்வி. 650 விஏ யூபிஎஸ் போதும். கோப்பைச் சேமித்து அணைக்கப் பத்து நிமிடம் கிடைக்கும். உள்ளே இருப்பது 12 வோல்ற் 7 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி. நான் பழுது பார்ப்பவற்றில் இரண்டு மூன்று வருடத்தில் அது ஓய்ந்துவிடுகிறது. முழு யூபிஎஸ்ஸையும் எறியாமல் பற்றரியை மாற்றும்.

பிள்ளைக்குப் புழுக்கம் என்று மின்விசிறியை அதில் கொழுவாதேயும். மலிவான யூபிஎஸ் தருவது சதுர அலை. விசிறி மோட்டார் உறுமும், சூடேறும். பற்றரியுள்ள தனி விசிறி ஒன்று வாங்குவது மேல். இணைய வழிப்படுத்திக்குச் சின்ன 12 வோல்ற் யூபிஎஸ் இருக்கிறது; அதையும் போட்டால் இருட்டிலும் வெளிநாட்டுச் சொந்தங்கள் பிள்ளையைப் பார்க்கலாம். ரொறன்ரோவிலிருந்து எத்தனை அழைப்பு வரும் என்று இப்போதே தெரிகிறது.

கொக்குவிலான்

தீர்ப்பு வந்துவிட்டது. திருகாணிச் சாவி பாவிக்கலாம், சுத்தியல் பாவிக்கக் கூடாது. பெட்டியை வீட்டு வாசற்படிக்கு வெளியே, விறாந்தையில் வைத்துத் திறக்க வேண்டும். இராகு காலத்தில் கூடாது. மாமியார் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். விசிறிக்குள் தூசி ஒரு கம்பளமாகப் படிந்திருந்தது, அடியில் காய்ந்த பல்லி ஒன்று. மாமியார் அதைப் பார்த்து, பல்லி எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். நல்ல சகுனமாம். தூசியைத் துடைத்து, எஸ்எஸ்டியைப் பூட்டி, இரண்டாங்கை 4 ஜிபியும் போட்டேன். வன்தட்டிலிருந்ததை குளோன்சில்லா என்ற பிரதியெடுக்கும் மென்பொருளால் அப்படியே புதியதற்கு எடுத்தேன். இப்போது ஆளியைப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் திரை வந்துவிடுகிறது. தேத்தண்ணீருக்குச் சாட்டு இல்லாமல் போய்விட்டது.

கட்டற்றவனுக்கும் திருகாணிக்கும் நடுவில் மனைவி ஒரு வழி சொன்னார். இப்போது நீட்டித்த புதுப்பிப்புடன் விண்டோஸ் 10. மின்ற் 22 ஒரு யூஎஸ்பியில். பிரசவ விடுமுறையில் தனக்கு எப்போதாவது பொழுதுபோகாவிட்டால் பார்ப்பாராம். நித்திரையில்லாதவள் அக்கா இதைப் படித்துச் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

தொலைபேசி இரவில் மண்டபத்தில் மின்னேற்றப்படுகிறது. பத்தரைக்கு எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்தான். ஆனால் நின்றுகொண்டு பார்க்க வேண்டியிருப்பதால் நுளம்பு கடிக்கிறது, சீக்கிரம் திரும்பிவிடுகிறேன். நுளம்பு வலை கட்டிலுக்கு வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன்.

பழைய மருத்துவமாது

முடிவு வந்ததும் எண்ணை இங்கே போடுங்கள். உங்கள் ஒழுங்கையில் வேறு பிள்ளைத்தாய்ச்சிகளும் இருப்பார்கள்.

திருகாணி

பழைய வன்தட்டை எறிந்துவிடாதேயும். யூஎஸ்பி உறை ஒன்றுக்குள் போட்டால் வினாத்தாளுக்கு இரண்டாம் பிரதி. மேசைக் கணினி வன்தட்டு மூன்றரை அங்குலம். மின் இணைப்பி உள்ள உறையாக வாங்கும், இரண்டரை அங்குல உறைக்குள் அது போகாது.

சோளகம்

எனக்கு மூன்றாம் தலைமுறை ஐ3. இதே எஸ்எஸ்டி அதற்கும் பொருந்துமா?

திருகாணி

பொருந்தும். சாட்டா 3 துளையில் கொழுவும். சில பலகைகளில் அது வேறு நிறத்தில் இருக்கும்.